உலகம் எப்போது முடியும்: தேதி குறிப்பவர்களும் கணக்குப் போடுபவர்களும்

#1 வைகைக்கரை

எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை, அபோஃபிஸ் என்ற விண்கல் பூமியில் மோதும். அதன் பெயரே எகிப்தியரின் அழிவுப் பாம்பின் பெயர். வேதத்தில் சொன்னது அப்படியே நிறைவேறப் போகிறது என்று ஒருவர் பேசுகிறார். முடிவில் காணிக்கை அனுப்ப ஒரு கியூஆர் கோடு.

அபோஃபிஸ் என்ற குறுங்கோள் இருப்பது உண்மை. அந்தத் தேதியில் அது பூமியை ஒட்டிக் கடந்துபோகும் என்பதும் உண்மை. மோதும் என்பது மட்டும் பொய். முக்கால்வாசி உண்மையோடு சேர்ந்து வருவதால் படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.

நான் இதைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் என் சித்தப்பா. அவர் தையல்காரர். 2012இல் மாயன் காலண்டர் முடிகிறது, டிசம்பர் 21 அன்று உலகமும் முடிகிறது என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் போய்வந்த ஒரு ஜெபக்குழுவை நடத்தியவர், "உலகமே போகப்போகிறது, யாருக்காக பிரீமியம் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா ஆயுள் காப்பீட்டுத் தவணையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைக் குழுவுக்குக் கொடுத்தார். டிசம்பர் 22 வழக்கம்போல விடிந்தது. அவரும் கடையைத் திறந்தார். தேதி சொன்னவர் அதைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. பாலிசி காலாவதியானது ஆனதுதான். கொஞ்ச காலத்தில் சித்தப்பா மாரடைப்பில் போய்விட்டார். சித்திக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. தையல் மிஷினை விற்றுத்தான் பிள்ளைகளுக்கு அந்த வருடப் பள்ளிக் கட்டணம் கட்டினார்.

உலகுக்கு முடிவு உண்டு என்று மதங்களும் சொல்கின்றன, அறிவியலும் சொல்கிறது. அதில் சண்டை இல்லை. கணிப்பு தப்பிப்போனால் அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. ஒருவர் தேதி சொல்கிறார். தப்பினால் அவர் எதை இழப்பார், அவரை நம்பியவர் எதை இழப்பார்? யார் என்ன சொன்னாலும் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 கணக்கு டீச்சர்

மாயன் விஷயத்தை முதலில் தெளிவாகப் பதிந்துவிடலாம், ஏனென்றால் அது இன்னும் வெவ்வேறு தேதியோடு திரும்பத் திரும்ப வருகிறது.

மாயன்களின் நீள் கணக்கு என்ற காலண்டரில் ஒரு பக்தூன் என்பது 1,44,000 நாள். 13 பக்தூன் சேர்ந்தால் ஏறக்குறைய 5,125 வருடம். கி.மு. 3114இல் தொடங்கிய அந்தச் சுற்று 2012 டிசம்பரில் நிறைந்தது. நம் பஞ்சாங்கத்தில் அட்சய முடிந்து மறுபடி பிரபவ தொடங்குகிற மாதிரிதான் இதுவும். மெக்சிகோவின் பலென்கேயில் உள்ள கல்வெட்டு ஒன்றில், பக்கால் என்ற அரசர் பட்டமேறிய நாளின் நினைவை கி.பி. 4772 வரை முன்னோக்கிக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். 2012இல் எல்லாம் முடியும் என்று நினைத்தவர்கள் 4772க்கு நாள் குறித்திருப்பார்களா? மாயன் மக்கள் குவாத்தமாலாவிலும் யுகாத்தானிலும் இன்றும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

#3 பழைய பேப்பர்

தம்பி வைகைக்கரை, உங்கள் சித்தப்பா கதையைப் படித்ததும் எனக்கு 1962 ஞாபகம் வந்துவிட்டது. இங்கே பலருக்கு அஷ்டகிரகச் சேர்க்கை பற்றித் தெரிந்திருக்காது.

அந்த வருடம் பிப்ரவரி 3 முதல் 5 வரை சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, கேது எல்லாம் மகர ராசியில் கூடின. கூடவே ஒரு சூரிய கிரகணம். உலகம் அழியப்போகிறது என்று இந்தியா முழுக்கப் பீதி. வடக்கே பெரிய பெரிய யாகங்கள் நடத்தினார்கள். அப்போது நேரு பிரதமர். இது சிரிக்க வேண்டிய விஷயம் என்று அவர் சொன்னதாகப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போகிற பையன். எங்கள் ஆத்தா குதிரில் விதைக்கென்று எடுத்து வைத்திருந்த நெல்லை இறக்கினார். விதைநெல்லைத் தொடுவது எங்கள் வீட்டில் பெரிய பாவம். அதைக் குத்தி, பொங்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டார். "இனி எந்த மழைக்குடா விதைக்கப் போறோம்" என்றார். எங்களுக்கு வயிறு நிறைய நெல்லுச்சோறு கிடைத்த சந்தோஷம். 6ஆம் தேதி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த விதைப்புக்கு அப்பா விதை கடன் வாங்கினார். அந்தக் கடன் எத்தனை வருடம் இழுத்தது என்று எனக்குத்தான் தெரியும். சேர்க்கையைப் பற்றிப் பயம் காட்டிய ஜோசியருக்கு ஒரு மரக்கால் நெல்கூட நஷ்டம் இல்லை.

#4 தங்கச்சிமடத்தான்

ஐயா சொன்ன 1962க்குப் பிறகு இரண்டே வருடம். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்து தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் போனது, அதில் இருந்தவர்களும் போனார்கள். எங்கள் பக்கத்து மக்களுக்கு உலகம் முடிந்தது அன்றைக்குத்தான். அதை எந்தக் கிரகச் சேர்க்கையும் சொல்லவில்லை.

வைகைக்கரை அண்ணன் கேட்ட "யார் விலை கொடுப்பது" என்ற கேள்விக்கு நான் கடல்காரனாகப் பதில் சொல்கிறேன். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். கூண்டு ஏறினால் போட் கடலுக்குப் போகாது. பல தடவை புயல் வேறு பக்கம் திரும்பிவிடும், எங்களுக்கு அன்றைய தொழில் போய்விடும். கோபம் வரும், திட்டவும் செய்வோம். ஆனால் வானிலை மையம் எங்களிடம் போட்டை விற்கச் சொன்னதில்லை, வலையைத் தானம் கொடுக்கச் சொன்னதில்லை. கரையில் இரு என்கிறார்கள், அவ்வளவுதான். கூண்டை இறக்கியதும் அதே போட், அதே வலையோடு கடலுக்குப் போகிறோம்.

1999இல் ஒடிசா பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் செத்தார்கள். 2013இல் அதே கடற்கரைக்கு ஃபைலின் புயல் வந்தது. முன்கூட்டியே சொல்லி லட்சக்கணக்கான மக்களை இடம் மாற்றினார்கள். சாவு 50ஐத் தாண்டவில்லை. கணிப்பு என்றால் அது இந்த மாதிரி இருக்க வேண்டும்.

#5 நாகூர் வாசகன்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பக்கமும் கியாமத் நாளின் அடையாளங்கள் என்று தேதி போட்ட ஃபார்வர்டுகள் வருகின்றன, அதனால் சொல்கிறேன். இறுதி நாள் எப்போது என்ற அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே இருக்கிறது என்று குர்ஆனில் ஒரு இடத்தில் இல்லை, பல இடங்களில் வருகிறது (7:187, 31:34, 33:63). நபிகளாரிடமே நேரடியாக இதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவரைவிடக் கேட்கப்பட்டவர் அதிகம் அறிந்தவர் அல்ல என்பதுதான் பதில். அப்படியிருக்க, இன்று மைக் பிடித்துத் தேதி சொல்பவர் யாரைவிட அதிகம் அறிந்தவராகத் தன்னை நினைக்கிறார்?

இன்னொரு ஹதீஸும் உண்டு. கையில் ஒரு மரக்கன்றோடு இருக்கும்போது இறுதி நேரம் வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடு என்கிறது. பிரீமியத்தை நிறுத்து, விதைநெல்லைக் குத்து என்பதற்கு நேர் எதிரானது இது.

#6 பாளை சகோதரி

வைகைக்கரை தம்பி, உங்கள் சித்திக்கு நடந்ததைப் படித்து மனது கனத்துவிட்டது. நான் ஞாயிறு பள்ளி எடுப்பவள். கிறிஸ்தவள் என்ற முறையிலும் இதைப் பேசியே ஆக வேண்டும்.

அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவரைத் தவிர வேறு யாருக்கும், பரலோகத் தூதர்களுக்குக்கூடத் தெரியாது என்று இயேசுவே சொல்கிறார் (மத்தேயு 24:36). இந்த வசனம் தெரியாமலா தேதி குறிக்கிறார்கள்? தெரிந்தும் தாண்டிப் போகிறார்கள். இதற்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் மில்லர் என்று ஒரு விவசாயி இருந்தார். நேர்மையான மனிதர். தானியேல் 8:14இல் வரும் 2,300 நாட்களை 2,300 வருடங்களாக வைத்து, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843 மார்ச்சுக்கும் 1844 மார்ச்சுக்கும் நடுவே கிறிஸ்து வருவார் என்றார். மார்ச் தாண்டியது. இயக்கத்தில் இருந்த இன்னொருவர் கணக்கைத் திருத்தி 1844 அக்டோபர் 22 என்று ஒரே நாளாகக் குறித்தார். உருளைக்கிழங்கைத் தோண்டாமல், அறுவடை செய்யாமல் வயலை அப்படியே விட்டவர்கள் இருந்தார்கள். குளிர்காலம் வாசலில் நிற்கிற நேரம் அது. விடிய விடிய விழித்திருந்து, விடிந்ததும் அழுதார்கள். வரலாற்றில் அந்த நாளுக்குப் பெரும் ஏமாற்றம் என்றே பெயர். மில்லர் தன் கணக்கு தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவரை நான் மதிக்கிறேன்.

அடுத்தவர் ஹெரால்ட் கேம்பிங். கலிஃபோர்னியாவில் ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ வானொலியை நடத்தியவர். முதலில் 1994 செப்டம்பர் என்றார், நடக்கவில்லை. பிறகு, நோவா காலத்து வெள்ளம் கி.மு. 4990, அதிலிருந்து 7,000 வருடம் என்று எண்ணி 2011 மே 21 என்றார். உலகமெங்கும் விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். நியூயார்க்கில் போக்குவரத்துத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் சேமிப்பிலிருந்து 1,40,000 டாலரை அந்த விளம்பரத்துக்கே செலவழித்தார். மே 21 சும்மா போனதும் கேம்பிங் தேதியை அக்டோபர் 21க்குத் தள்ளினார். கொடுத்த பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டதற்கு, முடிவுதான் இன்னும் வரவில்லையே, ஏன் தர வேண்டும் என்றார். 2012இல் தேதி குறித்தது பாவம் என்று எழுதினார். பணம் திரும்பவில்லை.

தம்பி கேட்ட கேள்வியை நான் என் சபைக்குள்ளும் கேட்கிறேன். வருகை உண்டு என்று விசுவாசிக்கிறேன், அதை யாருக்காகவும் விடமாட்டேன். ஆனால் தேதி சொல்லிக் கையேந்துகிறவரை மேடையேற்றக் கூடாது.

#7 வைகைக்கரை

நன்றி அக்கா. கேம்பிங்கைவிட மோசமான ஒன்றும் உண்டு. தென்கொரியாவில் லீ ஜாங்-ரிம் என்ற போதகர் 1992 அக்டோபர் 28 அன்று விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்றார். வேலையை விட்டவர்கள், வீட்டை விற்றவர்கள் ஏராளம். அந்தத் தேதிக்கு முன்பே போலீஸ் அவரை மோசடி வழக்கில் பிடித்தது. மக்கள் கொடுத்த பணத்தை அவர் கடன்பத்திரங்களில் போட்டிருந்தார். அவர் சொன்ன உலக முடிவுக்கு அப்புறம்தான் அந்தப் பத்திரங்களே முதிர்வடையும். தன் கணக்கை அவரே நம்பவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2023இல் கென்யாவின் ஷகஹோலா காட்டில் 400க்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று சொல்லிக் குழந்தைகளையும் சாகவிட்டிருக்கிறார்கள். இதை எழுதவே கை நடுங்குகிறது.

#8 ஊர்சுற்றி

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம் கேட்கிறேன். அறிவியல் பெயரில் வந்த பீதிகளுக்கு என்ன பதில்?

1910இல் ஹாலி வால்நட்சத்திரத்தின் வாலில் சயனோஜன் என்ற விஷவாயு இருக்கிறது என்று வானியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். பூமி அந்த வால் வழியாகப் போகும் என்றதும் வால்நட்சத்திர மாத்திரை விற்றார்கள், ஜன்னல் இடுக்குகளை அடைத்தார்கள். பூமி கடந்து வந்தது, ஒன்றும் ஆகவில்லை. 1968இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பால் எர்லிக், 1970களில் கோடிக்கணக்கான மக்கள் பட்டினியில் சாவார்கள், அதைத் தடுக்கவே முடியாது என்று எழுதினார். இந்தியாவைக் கைகழுவிவிடலாம் என்கிற மனநிலை அன்று படித்த மேலைநாட்டவரிடம் இருந்தது. அந்த மக்கள்தொகைப் பீதிதான் எமர்ஜென்சி காலத்துக் கட்டாயக் கருத்தடைக்கு நியாயம் தேடித் தந்தது. 1976–77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள். யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்? ஏழைகளை.

அணு விஞ்ஞானிகளின் அந்த ஊழிக் கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நள்ளிரவு என்றால் உலக முடிவு. 1947இல் நள்ளிரவுக்கு 7 நிமிடம் என்று தொடங்கியது, 2025இல் 89 விநாடி என்றார்கள். இது மட்டும் பயம் காட்டுவது இல்லையா?

#9 வைகைக்கரை

ஊர்சுற்றி அண்ணே, நீங்கள் கேட்டது இந்த இழைக்குத் தேவையான கேள்வி. எர்லிக் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அவர் கணிப்பு தப்பியது, ஆனால் அவர் பதவியும் மரியாதையும் போகவில்லை. விலை கொடுத்தவர்கள் இங்கே உள்ள ஏழைகள். என் அளவுகோலில் அவரும் கேம்பிங்கும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆராய்ச்சிப் பட்டம் இருப்பதால் யாருக்கும் சலுகை கிடையாது.

ஆனால் ஒன்று. எர்லிக்கின் கணிப்பை எது பொய்யாக்கியது? குட்டை ரகக் கோதுமை, ஐ.ஆர்.8 நெல், உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், வேளாண் விஞ்ஞானியான கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதன். பஞ்சம் வரும் என்ற எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி வேலை பார்த்தார்கள். தேதி குறிக்கும் போதகர் இதற்கு இடமே கொடுப்பதில்லை. அவர் சொல்வது நடந்தே தீரும், நாம் செய்ய வேண்டியது கொடுப்பது மட்டும்.

கடிகாரத்தைப் பொறுத்தவரை அது கணக்கு இல்லை, ஒரு சின்னம். அணு ஆயுதத்தைக் குறையுங்கள் என்று அரசுகளுக்குச் சொல்வதற்காக வைத்தது. 1991இல் அமெரிக்காவும் சோவியத்தும் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் போட்டதும் அதை 17 நிமிடத்துக்குப் பின்னால் நகர்த்தினார்கள். எனக்கும் அந்தப் படிமம் அவ்வளவாகப் பிடிக்காது, விநாடிக் கணக்கில் சொல்வது அளந்து சொன்ன மாதிரி தோற்றம் தருகிறது.

#10 வானோக்கி

அபோஃபிஸ் பற்றி விவரமாக எழுதுகிறேன், அந்த வீடியோவுக்குப் பதிலாக யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம்.

2004 ஜூனில் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்து கண்டுபிடித்தார்கள். அகலம் சுமார் 350 மீட்டர். டிசம்பரில் மறுபடி பார்த்தபோது 2029இல் மோத வாய்ப்பு இருப்பதாகக் கணக்கு வந்தது. நாளுக்கு நாள் ஏறி, டிசம்பர் 27 அன்று 2.7 சதவீதம், அதாவது 37இல் 1. மோதல் ஆபத்தை 0 முதல் 10 வரை அளக்கும் டோரினோ அளவுகோலில் 4. அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கல்லும் அந்த அளவைத் தொட்டதில்லை.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். 26ஆம் தேதி காலையில்தான் சுனாமி. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் உடல்களைத் தேடிக்கொண்டிருந்தோம். வானத்தில் 25 வருடத்துக்கு அப்பால் வரக்கூடிய ஒரு ஆபத்தை விஞ்ஞானிகள் அளந்துகொண்டிருந்த அதே நாட்களில், இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்றே இல்லை. 2007இல்தான் ஹைதராபாத்தில் அந்த மையம் வந்தது.

27ஆம் தேதியே, 2004 மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அபோஃபிஸ் மங்கலாகப் பதிந்திருப்பதைத் தேடிப் பிடித்தார்கள். கூடுதல் நாட்களின் இருப்பிடம் கிடைத்ததும் பாதை துல்லியமானது, 2029 மோதல் அடியோடு நீங்கியது. 2021 மார்ச்சில் ரேடாரில் அளந்து, அடுத்த 100 வருடத்துக்கு ஆபத்து இல்லை என்று அறிவித்தார்கள்.

சதவீதம் ஏன் முதலில் ஏறி, அப்புறம் இறங்குகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் கல் வரக்கூடிய இடம் லட்சக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டை. பூமி அந்தப் பட்டைக்குள் ஒரு சிறு புள்ளி. அளவுகள் சேரச் சேரப் பட்டை சுருங்கும். பூமி இன்னும் உள்ளேயே இருந்தால் பட்டையில் அதன் பங்கு பெரிதாகும், சதவீதம் ஏறும். மேலும் சுருங்கிப் பூமி வெளியே வந்ததும் சட்டென்று பூஜ்யத்துக்குப் போகும். 2024 ஒய்ஆர்4 என்ற கல்லுக்கும் இதேதான் நடந்தது. 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம், ஒரு வாரத்துக்குள் 0.004 சதவீதம். அது மோதினால் விழக்கூடிய பாதையில் தெற்காசியாவும் இருந்ததால் சதவீதம் ஏறியபோது நம் சேனல்கள் கத்தின. இறங்கியதை அடியில் ஓடும் வரியில் போட்டுவிட்டுப் போய்விட்டன.

இந்த எண்களை யாரும் மறைக்கவில்லை. ஏறியதும் வெளியே தெரிந்தது, இறங்கியதும் தெரிந்தது. கணக்கை வேறு நாட்டுக்காரர்கள் தனியாகப் போட்டுச் சரிபார்த்தார்கள். ஊர்சுற்றி சொன்ன ஹாலி பீதியிலும், வாலில் உள்ள வாயு மிகமிக அடர்த்தி குறைவு, ஆபத்து இல்லை என்று பெரும்பாலான வானியலாளர்கள் சொன்னார்கள். அது தலைப்புச் செய்தி ஆகவில்லை.

#11 ஊர்சுற்றி

சேனல்களைப் பற்றிச் சொன்னீர்களே, 2008 செப்டம்பரில் ஜெனீவா பக்கத்தில் துகள் மோதல் இயந்திரத்தை இயக்கியபோது, கருந்துளை உருவாகிப் பூமியை விழுங்கிவிடும் என்று இங்கே நாள் முழுக்க ஓட்டினார்கள். அதைப் பார்த்துப் பயந்து மத்தியப் பிரதேசத்தில் 16 வயதுப் பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். அவள் கொடுத்த விலைக்கு எந்த சேனலும் பொறுப்பேற்கவில்லை. வைகைக்கரை, உங்கள் கணக்கில் இவர்களையும் சேருங்கள்.

#12 வைகைக்கரை

கட்டாயம் சேர்க்கிறேன் அண்ணே. ஜோசியர், போதகர், சேனல் மூவருக்கும் என் கேள்வி பொருந்துகிறது.

#13 குடந்தைவாசி

இந்து மதத்தை யாரும் தொடவில்லையே என்று பார்த்தேன். எங்கள் கணக்கில் கலியுகம் 4,32,000 வருடம். கி.மு. 3102இல் தொடங்கியது. இன்னும் 4,26,000 வருடத்துக்கு மேல் பாக்கி. நாளைக்குக் கலி முடிகிறது என்று சொல்பவர் பஞ்சாங்கத்தையே பார்க்காதவர். கும்பகோணம் ஸ்தல புராணத்தில் பிரளயம்தான் கதையின் தொடக்கம்: வெள்ளத்தில் மிதந்து வந்த கும்பம் இங்கே தங்கியது, அதிலிருந்து சிருஷ்டி மறுபடி தொடங்கியது. சீர்காழிக்கும் தோணிபுரம் என்று பெயர், அதுவும் பிரளயத்தில் மிதந்த ஊர். எங்களுக்கு முடிவு என்பது பயமுறுத்தும் விஷயமே இல்லை.

இன்னொன்று. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி வருடம். பூமியின் வயது 454 கோடி என்று விஞ்ஞானம் இப்போதுதான் சொல்கிறது. நம் முன்னோர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

#14 கணக்கு டீச்சர்

குடந்தைவாசி ஐயா, முதல் பத்தி எனக்கு மிகவும் பிடித்தது. கோடிக்கணக்கான வருடங்களில் காலத்தை யோசித்த மரபு பெரிய மரபுதான். இரண்டாவது பத்தியில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து.

432 கோடி என்பது கல்பத்தின், அதாவது பிரம்மாவின் அந்த ஒரு பகலின், முழு நீளம். நம் பஞ்சாங்கப்படியே இந்தக் கல்பம் தொடங்கி இதுவரை ஆனது சுமார் 197 கோடி வருடம்தான். பூமியின் வயதோடு ஒப்பிடுவதாக இருந்தால் 197 கோடியை ஒப்பிட வேண்டும். அது ஒத்துவராது. பிடித்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பொருத்திப் பார்ப்பதைத்தான் கேம்பிங்கும் செய்தார்.

454 கோடி எப்படி வந்தது என்று பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு, பூமி குளிர்ந்த வேகத்தைக் கொண்டு சில கோடி வருடங்கள்தான் என்றார். அவ்வளவு பெரிய இயற்பியலாளர் சொன்னதை மற்றவர்கள் விடாமல் கேள்வி கேட்டார்கள். கதிரியக்கம் கண்டுபிடித்த பிறகு, யுரேனியம் ஈயமாக மாறும் விகிதத்தை வைத்துக் கணக்குப் போட முடிந்தது. 1956இல் கிளேர் பாட்டர்சன் விண்கற்களில் இருந்த ஈயத்தை அளந்து 455 கோடி என்றார். இன்றைய மதிப்பு அதை ஒட்டித்தான் இருக்கிறது. எந்த நாட்டு ஆய்வகமும் இதை அளந்து பார்த்துக்கொள்ளலாம். என் மாணவர்களிடம் விடையைவிட வழிமுறைக்கு மதிப்பெண் அதிகம் என்று சொல்வேன், இங்கும் அதுதான்.

#15 குடந்தைவாசி

197 கோடி கணக்கு சரிதான், பூஜைக்கு முன் சொல்லும் சங்கல்பத்திலேயே அந்தக் காலக் குறிப்பு வருகிறது. ஒப்பிடும்போது எனக்குத் தோன்றவில்லை. யோசிக்க வைத்துவிட்டீர்கள் டீச்சர்.

#16 வானோக்கி

புராணப் பெயர்களை அறிவியலும் விட்டுவிடவில்லை ஐயா. 1980களில் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் குறுங்கோள் தேடும் திட்டத்துக்குக் கல்கி என்றுதான் பெயர் வைத்தார்கள். வானியலாளர் ராஜமோகன் தலைமையில் 1988 பிப்ரவரியில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். இந்திய மண்ணிலிருந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்துக் கிடைத்த முதல் குறுங்கோள் அது.

அறிவியல் சொல்லும் உண்மையான முடிவையும் சுருக்கமாகப் பதிகிறேன். சூரியன் 100 கோடி வருடத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் பிரகாசமாகிறது. இன்னும் 100 கோடி வருடம் வாக்கில் கடல்கள் ஆவியாகத் தொடங்கும். 500 கோடி வருடத்துக்குப் பிறகு சூரியன் செம்பூதமாக வீங்கும். அதற்குள் பெரிய கல் விழலாம். 6.6 கோடி வருடத்துக்கு முன் மெக்சிகோவில் விழுந்த 10 கிலோமீட்டர் கல் டைனோசர்களை முடித்தது. ஆனால் இன்று நாம் டைனோசர் இல்லை. 2022 செப்டம்பரில் டார்ட் என்ற விண்கலத்தை டைமார்ஃபஸ் என்ற சிறு கல்லில் வேண்டுமென்றே மோதவிட்டு, அது பக்கத்திலுள்ள பெரிய கல்லைச் சுற்றிவரும் நேரத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்துக் காட்டினார்கள்.

#17 தேவகோட்டை அம்மா

இழை முழுக்கப் படித்தேன். என் மகள் ஏழாம் வகுப்பு. டியூஷனில் யாரோ அந்த 2029 வீடியோவைக் காட்டிவிட்டார்கள். ராத்திரி எழுந்து வந்து "நான் பத்தாவது முடிக்கிறதுக்குள்ள செத்துடுவோமாம்மா" என்று கேட்கிறாள். நூறு கோடி வருடக் கணக்கெல்லாம் அவளிடம் எடுபடவில்லை. எப்படிச் சொல்வது?

#18 பாளை சகோதரி

அம்மா, பிள்ளை கேட்டதும் "அப்படியெல்லாம் இல்லை, தூங்கு" என்று தட்டிவிடாதீர்கள். தட்டிவிட்டால் ஏதோ மறைக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும். என் வகுப்பிலும் ஒரு பையன் இதையே கேட்டான். இதற்கு முன் உலகம் முடியும் என்று சொன்ன தேதிகளைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். 1844, 1962, 1992, 2011, 2012, 2025 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கப் போதகர் ஒருவர் சொன்னது வரைக்கும் எழுதினான். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கடுத்த நாள் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னேன். அவன் அம்மா பிறந்த வருடத்தைத் தானாகவே நடுவில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கேட்கவே இல்லை.

#19 வானோக்கி

அம்மா, மகளிடம் இதைக் காட்டுங்கள். அபோஃபிஸ் பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடக்கும். பூமியின் குறுக்களவு 12,742 கிலோமீட்டர். இரண்டரை பூமியை வரிசையாக வைத்தால் வரும் தூரம். தாளில் 12 சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் வரைந்து, விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் அளந்து ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தானே அளந்து வைத்த புள்ளியைப் பிள்ளைகள் நம்புவார்கள்.

மிக அருகில் வரும் நேரம் நம் கணக்கில் ஏப்ரல் 14 அதிகாலை மூன்றே கால் மணி வாக்கில். அன்று சித்திரை முதல் நாள். அந்த நேரத்தில் அது அட்லாண்டிக் பக்கம் இருக்கும், ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெறும் கண்ணுக்கே தெரியும். அதற்கு முன்பு ஆஸ்திரேலியா, இந்தியப் பெருங்கடல் மேலாகத்தான் வரும் என்பதால் நம் ஊரிலும் முந்தைய இரவில் இருட்டான இடத்திலிருந்து பைனாகுலரோடு தேடிப் பார்க்கலாம். இவ்வளவு பெரிய கல் இவ்வளவு பக்கத்தில் வருவது ஆயிரக்கணக்கான வருடத்துக்கு ஒருமுறைதான். அவள் பார்க்கப்போகிற காட்சி அது.

#20 தேவகோட்டை அம்மா

வரைந்துவிட்டாள். சார்ட் பேப்பர் பத்தாமல் இரண்டை ஒட்டினாள். இப்போது நிலா எங்கே வரும் என்று கேட்கிறாள்.

#21 வானோக்கி

நிலா அதே அளவில் மூன்றரை மீட்டருக்கு அப்பால் வரும் அம்மா. பக்கத்து அறைக்குப் போக வேண்டியிருக்கும்.

#22 வைகைக்கரை

எங்கள் உறவினர் குழுவில் வானோக்கியின் பதிவையும் பழைய பேப்பர் ஐயாவின் விதைநெல் பதிவையும் சேர்த்துப் போட்டேன். வீடியோவை அனுப்பிய மாமா முதலில் கோபப்பட்டார், கடவுளைக் கேலி செய்கிறாயா என்றார். நாகூர் தம்பியும் பாளை அக்காவும் எழுதியதைக் காட்டினேன், பதில் இல்லை. சித்திதான் கடைசியில் குரல் செய்தி அனுப்பினார். "காணிக்கை கேட்கிறவர்கிட்ட, 2029 ஏப்ரல் 15ஆம் தேதி போட்டு ஒரு செக் கேளுங்க. தேதி தப்பிச்சுன்னா வாங்கினதைத் திருப்பித் தரட்டும்" என்றார். மாமா அந்த வீடியோவுக்குக் கீழே அந்தக் கேள்வியை அப்படியே எழுதிப் போட்டார். அவரை அந்தப் பக்கத்தில் பிளாக் செய்துவிட்டார்கள்.